கால் ஊன்றாத ஓட்டமும் கைவிடாத சேமிப்பும்



செனாய் தொழிற்பேட்டையில் ஷிப்டு மாறி மாறி வேலை செய்யும் இருபத்தாறு வயது இளைஞர் ஒருவரை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அவருக்குப் பெயர் வேண்டாம். செனாய், கூலாய், ஸ்கூடாய் வட்டாரத்தில் எந்தத் தாமானுக்குப் போனாலும் அவரைப் போல் நான்கு பேரைப் பார்க்கலாம். தாத்தா ரப்பர் மரம் சீவியவர். அப்பா செம்பனைக் குலை வெட்டியவர். இவர் தொழிற்சாலையில் குளிர்சாதன அறையில் நின்று பாகங்களைச் சோதித்துப் பெட்டியில் அடுக்குகிறார். மூன்றாண்டு ஓவர்டைம் உழைப்பில் 9,000 வெள்ளி சேர்த்திருக்கிறார்.

அந்த ஒன்பதாயிரத்தை இப்போது இரண்டு கைகள் இழுக்கின்றன. ஒன்று, ஒரு பழைய டிரையல்ஸ் மோட்டார் சைக்கிள். விலை 8,500 வெள்ளி என்கிறார் விற்பவர். இன்னொன்று, பக்கத்து மெஷினில் வேலை செய்யும் நண்பர். "மச்சான், அஞ்சாயிரம் போடுடா. மாசம் பத்து பெர்சன்ட் கையில வரும். ஒரு வருசத்துல வண்டி சும்மாவே வந்துரும்" என்கிறார் அவர்.

வீட்டில் அம்மாவுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. "தம்பி, வண்டியும் வேணாம், வட்டியும் வேணாம். பேங்குல கிடக்கட்டும்" என்பது அவர் கட்சி. இம்மூவரில் யார் சொல்வது சரி என்பதுதான் இன்றைய பேச்சு. அதற்கு முதலில் அந்த வண்டி என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மெதுவாகப் போகிறவருக்கே வெற்றி

ஜொகூர்க்காரர்களுக்கு மோட்டார் பந்தயம் புதிதல்ல. 1998-ஆம் ஆண்டு உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் மலேசியச் சுற்று பாசிர் கூடாங் தடத்தில்தான் நடந்தது. மறு ஆண்டுதான் அது சிப்பாங்கிற்குப் போனது. ஆகவே மோட்டார் விளையாட்டு என்றதும் நம் பெற்றோர்களின் நினைவுக்கு வருவது வேகம். அதோடு நள்ளிரவில் நெடுஞ்சாலையில் கப்சாய் வண்டிமேல் குப்புறப் படுத்துக்கொண்டு பறக்கும் பிள்ளைகளின் உருவமும் வந்துவிடுகிறது. அந்த அச்சம் நியாயமானது.

டிரையல்ஸ் அதற்கு நேர் எதிரான விளையாட்டு. இங்கே வேகத்துக்குப் பரிசு கிடையாது. பாறைக் குவியல், ஓடை, விழுந்து கிடக்கும் மரம், செங்குத்தான மண்மேடு ஆகியவற்றின் ஊடே கொடி கட்டி ஒரு குறுகிய பாதை அமைப்பார்கள். ஓட்டுபவர் கால் தரையில் படாமல் அதைக் கடக்க வேண்டும். கால் படாமல் முடித்தால் சுழியம். ஒருமுறை ஊன்றினால் 1 புள்ளி. இரண்டு முறை ஊன்றினால் 2. அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3. விழுந்தாலோ பாதையை விட்டு வெளியே போனாலோ 5. எல்லாப் பகுதிகளையும் கூட்டிப் பார்க்கும்போது யாருக்குப் புள்ளி குறைவோ அவரே வெற்றியாளர். குற்றங்களை மட்டும் எண்ணுகிற விளையாட்டு இது என்றால் மிகையில்லை.

போட்டி தொடங்கும் முன் ஓட்டுநர்கள் பாதையை நடந்து பார்ப்பார்கள். எந்தக் கல் ஆடுகிறது, எந்த வேர் வழுக்குகிறது, முன் சக்கரத்தை எங்கே வைக்க வேண்டும் என்று நின்று நிதானமாகக் கணக்குப் போடுவார்கள். வண்டியில் இருக்கும் நேரத்தைவிட நடந்து பார்க்கும் நேரம் அதிகமாக இருப்பதும் உண்டு.

ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையல்ஸ் போட்டி நூறாண்டுகளைக் கடந்தது. அங்கே நெடுங்காலம் கனமான பிரிட்டிஷ் வண்டிகளே கோலோச்சின. 1965-ல் சாமி மில்லர் ஸ்பெயின் நாட்டு புல்டாகோ நிறுவனத்தின் ஷெர்பா வண்டியில் ஏறி அந்தப் போட்டியை வென்றார். எடை குறைந்த, சிறிய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்ட வண்டி அது. அன்றோடு கனமான வண்டிகளின் காலம் முடிந்தது. 1975-ல் உலக வாகையர் போட்டியாக இது உயர்ந்தது. 2004-ல் ஜப்பானின் தகஹிசா புஜினாமி உலக வாகையரானபோது, ஐரோப்பியர்களின் கோட்டையில் ஓர் ஆசியர் கொடி நாட்டினார். ஸ்பெயினின் டோனி போவ் 2007 முதல் 2024 வரை ஓராண்டுகூட விடாமல் பட்டத்தைத் தன்னிடமே வைத்திருந்தார். பெண் பிள்ளைகளும் கேட்டுக்கொள்ளுங்கள்: லையா சான்ஸ் என்ற ஸ்பெயின் வீராங்கனை மகளிர் பட்டத்தைப் பத்து முறைக்கு மேல் வென்றவர். பிறகு டக்கார் பாலைவனப் பந்தயத்திலும் தொடர்ந்து கலந்துகொண்டார்.

இருக்கையில்லாத வண்டி

நம் இளைஞர் வாங்க நினைக்கும் வண்டியை முதன்முதலில் பார்ப்பவர்கள், யாரோ இருக்கையைத் திருடிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். டிரையல்ஸ் வண்டியில் உட்கார இடம் இல்லை. முழுக்க நின்றபடியே ஓட்ட வேண்டும். பெட்ரோல் தொட்டியில் இரண்டு மூன்று லிட்டர்தான் பிடிக்கும். நம் தெருவில் ஓடும் கப்சாய் ஏறக்குறைய நூறு கிலோ இருக்கும். டிரையல்ஸ் வண்டியின் எஞ்சின் அதைவிடப் பெரியதாக இருந்தாலும், மொத்த எடை எழுபது கிலோ அளவில் நின்றுவிடும்.

வாங்கிய கையோடு ஓட்டிவிட முடியுமா? முடியாது. அந்த வண்டியை ஓட்டுபவரின் உடம்புக்கு ஏற்ப அமைத்தாக வேண்டும். தையற்காரர் அளவெடுப்பது போலத்தான் இதுவும்.

முதலாவது டயர் காற்று. கார் டயரில் 30 பிஎஸ்ஐ அளவில் காற்று அடிக்கிறோம். டிரையல்ஸ் வண்டியின் பின் டயரில் நான்கு அல்லது ஐந்து பிஎஸ்ஐ, முன் டயரில் ஐந்து அல்லது ஆறு, அவ்வளவுதான். கையால் அழுத்தினால் உள்ளே போகும். அப்படித் தளர்ந்திருந்தால்தான் டயர் கல்லைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். விறைப்பான டயர் ஈரப் பாறையில் வழுக்கிவிடும். எண்ணெய் நிலையத்துக் காற்றுக் கருவி இவ்வளவு குறைந்த அளவைச் சரியாகக் காட்டாது. குறைந்த அழுத்தத்தை அளக்கும் தனி மானி வேண்டும். இங்கே இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இதைக் கேட்டுவிட்டு வீட்டுக் கப்சாயின் காற்றைத் திறந்துவிடாதீர்கள். டியூப் உள்ள சாதாரண டயரில் காற்றை இந்த அளவுக்கு இறக்கினால், டயர் ரிம்மின்மேல் நழுவி டியூப்பின் வால்வைப் பிய்த்துவிடும். அதற்கென்றே செய்த டயரும் ரிம்மும் வேண்டும்.

அடுத்தது கைப்பிடிகள். கிளட்ச், பிரேக் இரண்டுக்கும் ஒரே விரல்தான். அந்த ஒரு விரல் எப்போதும் லீவர் மேலேயே இருக்க வேண்டும். நின்ற நிலையில் முன்கையும் விரலும் ஒரே கோட்டில் வரும்படி லீவரைச் சற்றுக் கீழ்நோக்கித் திருப்பி வைக்க வேண்டும். அதன் திருகுகளை முழு பலத்தோடு முறுக்கக் கூடாது. விழும்போது லீவர் திரும்பிக்கொடுத்தால் தப்பிக்கும். இறுக்கி வைத்தால் முறிந்துவிடும். புதிதாக வருபவர்கள் முதல் மாதத்தில் வாங்கும் உதிரிபாகம் பெரும்பாலும் லீவர்தான்.

பின் ஸ்பிரிங்கைப் பொறுத்தவரை, ஓட்டுபவர் ஏறி நின்றால் அதன் மொத்த அசைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். ஐம்பது கிலோ பையனுக்கும் எண்பது கிலோ ஆளுக்கும் ஒரே அமைப்புப் பொருந்தாது. பழைய வண்டி வாங்குபவர்கள் இதை மறந்துவிட்டு, வண்டி சரியில்லை என்று புலம்புவார்கள். முந்தைய உரிமையாளரின் எடைக்கு அமைத்தது அது.

எஞ்சின் விஷயத்தில் நம் நாட்டுத் தட்பவெப்பம் ஒரு தனிச் சோதனை. நடக்கும் வேகத்தில் போகும் வண்டிக்கு எதிர்க்காற்று கிடைக்காது. ஆகவே ரேடியேட்டருக்கு ஒரு மின்விசிறி வைத்திருப்பார்கள். பழைய வண்டி வாங்கும்போது எஞ்சினை ஓடவிட்டு, அது சூடானதும் அந்த விசிறி தானாகச் சுற்றுகிறதா என்று பார்க்காமல் பணத்தை நீட்டக் கூடாது. செம்மண் தூசி புகுந்தால் காற்று வடிகட்டி அடைபடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அதைக் கழுவ வேண்டும். ஆண்டு இறுதி மழைக் காலத்தில் சங்கிலியும் சக்கர பேரிங்கும் சேற்றில் ஊறிப் போகும். இரண்டு ஸ்ட்ரோக் வண்டியாக இருந்தால், கையேட்டில் சொன்ன அளவில்தான் எண்ணெய் கலக்க வேண்டும். கண் அளவு உதவாது.

கடைசியாக, மணிக்கட்டில் கட்டும் சிறு கயிறு. அதன் மறுமுனை வண்டியின் எஞ்சின் நிறுத்தியோடு இணைந்திருக்கும். ஆள் விழுந்தால் கயிறு கழன்று எஞ்சின் நின்றுவிடும். விலை சொற்பம். வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் தேவைப்படும் பொருளாகவும் இருக்கலாம். அது இல்லாமல் ஏறக் கூடாது. தலைக்கவசம், கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ், கையுறை ஆகியவையும் அப்படியே. அவற்றின் விலையையும் வண்டியின் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும். 8,500 வெள்ளி வண்டி 8,500 வெள்ளியில் முடிவதில்லை என்பது இப்போதே புரிந்திருக்கும்.

எங்கே ஓட்டுவது?

விளக்கும் பதிவெண்ணும் இல்லாத வண்டியைச் சாலையில் இறக்க முடியாது. லாரியிலோ பிக்கப்பிலோ ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். செனாயைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்கலாம். அவை யாரோ ஒருவருக்குச் சொந்தமான நிலம். அனுமதி இல்லாமல் நுழைவது அத்துமீறல். குனோங் பூலாய் மலைப்பக்கம் ஓடையும் பாறையும் கண்ணைக் கவரும். ஆனால் அது நீர்ப்பிடிப்புக் காடு. பல்லாண்டுக் காலம் சிங்கப்பூருக்கே தண்ணீர் கொடுத்த நீர்த்தேக்கங்கள் அங்கே உள்ளன. அங்கே சக்கரம் பதிக்க நினைக்கவே வேண்டாம். தோட்ட நிர்வாகத்திடமோ நில உரிமையாளரிடமோ எழுத்து மூலம் அனுமதி பெற்ற ஓர் ஏக்கர் வெற்று நிலம் போதும். நான்கு பழைய லாரி டயர்கள், வெட்டிப் போட்ட இரண்டு பனை மரத்துண்டுகள், ஒரு மண்மேடு இருந்தால் ஓராண்டுக்குப் பயிற்சி செய்யலாம்.

அதற்கும் முன்னால், வண்டியே இல்லாமல் தொடங்கும் வழியும் உண்டு. ஸ்பெயினில் பேரே பி என்ற மோட்டார் சைக்கிள் வீரர் தம் மகன் ஓட் பி பயிற்சி செய்வதற்காகச் சைக்கிளிலேயே இந்த விளையாட்டைத் தொடங்கிவைத்தார். 1970-களின் கடைசியில் அது தனி விளையாட்டாகவே வளர்ந்தது. மோட்டார் டிரையல்ஸில் ஏழு முறை உலக வாகையரான ஜோர்டி டாரெஸ் சைக்கிளில் இருந்து வந்தவர்தான். அவர் வந்தபிறகுதான், நின்ற இடத்திலேயே வண்டியைத் துள்ள வைக்கும் வித்தைகள் மோட்டார் டிரையல்ஸில் பரவின.

ஆகவே நம் இளைஞருக்கு முதல் யோசனை இது. வீட்டு வாசலில் பழைய மலைச் சைக்கிள் ஒன்றில் ஏறி, கால் ஊன்றாமல் அசையாது நிற்கப் பழகட்டும். முதல் நாளில் மூன்று விநாடி நின்றால் அதுவே பெரிது. முப்பது விநாடி நிற்க வந்தபிறகு, இரண்டு செங்கல்லை வைத்து எட்டு வடிவில் சுற்றட்டும். அதன்பிறகும் ஆசை குறையவில்லை என்றால் அது உண்மையான ஆசை. முகநூல் காணொளியைப் பார்த்து வந்த ஆசையாக இருந்தால் இரண்டு வாரத்தில் சைக்கிள் மூலைக்குப் போய்விடும். அப்படிப் போனால் 8,500 வெள்ளி மிச்சம்.

மாதம் பத்து விழுக்காடு

இப்போது நண்பரின் யோசனைக்கு வருவோம். மாதம் பத்து விழுக்காடு என்பது காதுக்குச் சின்ன எண்ணாக ஒலிக்கிறது. ஐயாயிரம் வெள்ளியை மாதம் பத்து விழுக்காட்டில் எடுக்காமல் விட்டுவைத்தால், ஓராண்டில் அது 15,692 வெள்ளி ஆகும். ஐந்தாண்டில் 15 லட்சம் வெள்ளியைத் தாண்டும். பத்தாண்டில் 46 கோடி வெள்ளியைத் தாண்டும். செனாயில் ஒரு தொழிற்சாலை ஊழியர் ஐயாயிரம் வெள்ளி போட்டு, பத்தாண்டில் அந்தத் தொழிற்சாலையையே வாங்கிவிடலாம் என்றால், அந்த நண்பருக்குச் சொன்னவர் ஏன் இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்?

நாட்டின் மிகப் பெரிய சேமிப்பு நிறுவனமான ஊழியர் சேமநிதி வாரியம், ஏராளமான நிபுணர்களை வைத்துக்கொண்டு 2024-ஆம் ஆண்டுக்கு அறிவித்த இலாப ஈவு 6.30 விழுக்காடு. அது ஓராண்டுக்கு. அதையே நல்ல ஆண்டு என்று பத்திரிகைகள் எழுதின. ஓராண்டு முழுக்க ஆறு விழுக்காடு கொண்டுவர அவர்கள் பாடுபடும்போது, கேண்டீன் மேசையில் ஒருவர் மாதா மாதம் பத்து தருகிறார் என்றால், அந்தப் பணம் அடுத்து சேர்ந்தவரின் பையில் இருந்துதான் வருகிறது. புதிய ஆள் வரும்வரை ஓடும். வராத மாதம் நிற்கும். முதலில் சேர்ந்த நண்பர்களுக்கு உண்மையாகவே பணம் வந்திருக்கும். அதுதான் இதில் உள்ள பொறி. அவர்கள் பொய் சொல்வதில்லை. தங்களுக்கு வந்ததைத்தான் சொல்கிறார்கள்.

இதில் நம்மவர்களுக்கு ஒரு தனிக் கதையும் உண்டு. தோட்டத்தில் பெண்கள் மாதா மாதம் பணம் போட்டு ஒருவர் மாற்றி ஒருவர் எடுத்துக்கொள்ளும் கூட்டு நமக்குப் பழக்கமானது. பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை, திருமணச் செலவு, கூரைத் தகரம் எல்லாம் கூட்டுப் பணத்தில் வந்தவைதான். அந்தத் தமிழ்ச் சொல் மலாயில் கூத்து என்று வழங்கி, கடைசியில் நாட்டின் சட்டப் புத்தகத்துக்கும் ஏறிவிட்டது. 1971-ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம் அதைத் தொழிலாக நடத்துவதைத் தடை செய்கிறது. நம் சொல் ஒன்று சட்டத்தின் பெயராகும் அளவுக்கு ஏமாற்றுகள் நடந்திருக்கின்றன என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

எந்தத் திட்டமானாலும் பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்றுதான். பங்குப் பத்திர ஆணையத்தின் உரிமம் பெற்றவரா என்று ஆணையத்தின் அகப்பக்கத்திலேயே தேடிப் பார்க்கலாம். பேங்க் நெகாராவும் எச்சரிக்கைப் பட்டியல் ஒன்றை வெளியிடுகிறது. பெயர் அதில் இல்லை என்பதால் நல்லவர் என்று பொருளில்லை. உரிமம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இணைய வழியிலோ தொலைபேசி வழியிலோ ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் உட்காராமல், உடனே வங்கிக்கோ 997 என்ற எண்ணுக்கோ அழைக்க வேண்டும். தேசிய மோசடி எதிர்ப்பு மையம் 2022-ல் தொடங்கப்பட்டது இதற்காகத்தான். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் பிடிக்க, ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

பத்து வெள்ளியின் வரலாறு

முதலீடு நமக்குப் புதிது என்று நினைக்க வேண்டாம். 1950-களின் இறுதியில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோகும் நிலை தோட்டத் தொழிலாளர்களுக்கு ஏற்பட்டது. 1960-ல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்ந்த பணத்தில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பால் மரம் சீவியவர்கள் அந்த மரத்தின் பங்குதாரர்கள் ஆனார்கள். பங்குச் சந்தை என்ற சொல்லையே கேட்டிராத மக்கள் செய்த முதலீடு அது. அவர்கள் வாங்கியது கண்ணெதிரே இருந்த நிலம், அவர்களுக்கே தெரிந்த தொழில்.

1982-ல் தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸின் அனுபவம் வேறு. அதிலும் தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் பங்கு வாங்கினார்கள். நகையை அடகு வைத்து வாங்கியவர்களும் உண்டு. ஆனால் அந்தப் பங்கு பங்குச் சந்தையில் பட்டியலிடப்படவில்லை. அவசரத்துக்கு விற்கலாம் என்றால் வாங்க ஆள் இல்லை. ஒரு வெள்ளி பங்குக்கு, 2010-ல் தனியார் நிறுவனம் ஒன்று முன்வந்து 80 சென் கொடுத்தபோதுதான் பலருக்குப் பணம் கண்ணில் பட்டது. இருபத்தெட்டு ஆண்டுகள். அரசியலை ஒதுக்கிவிடுவோம், அதை அலசி முடியாது. முதலீடு செய்யத் தொடங்கும் இளைஞர் இதில் இருந்து ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டால் போதும். 'நாளைக்கு எனக்குப் பணம் வேண்டும் என்றால், இதை யாரிடம், எத்தனை நாளில் விற்கலாம்?' இதற்கு நேரான பதில் சொல்லாதவரிடம் பணம் கொடுக்கக் கூடாது.

பட்டியலிட்ட பங்குகள் என்றாலே பாதுகாப்பு என்றும் எண்ணிவிட வேண்டாம். 1997 பிப்ரவரியில் கோலாலம்பூர் பங்குச் சந்தைக் குறியீடு 1,271 புள்ளியில் இருந்தது. 1998 செப்டம்பர் முதல் நாள் 262-க்கு விழுந்தது. சந்தை அளவுக்கே இறங்கியவர்களின் ஆயிரம் வெள்ளியும் இருநூற்றுச் சில்லறையாகச் சுருங்கியது. குறியீடு மீண்டும் பழைய இடத்தைத் தாண்ட 2007 வரை ஆயிற்று. சொந்தப் பணத்தில் நல்ல பங்குகளை வாங்கியவர்கள் பத்தாண்டு பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். கடன் வாங்கிப் பங்கு வாங்கியவர்களால் பத்து வாரம்கூடக் காத்திருக்க முடியவில்லை. அடிமட்ட விலையில் விற்க வேண்டியதாயிற்று. கடன் வாங்கியவர் எப்போது விற்க வேண்டும் என்பதைக் கடன் கொடுத்தவர்தான் முடிவு செய்கிறார்.

ஒன்பதாயிரத்தை எப்படிப் பிரிப்பது?

வண்டியும் வேண்டாம், வட்டியும் வேண்டாம் என்ற அம்மாவின் கட்சி பாதி சரி. வங்கியில் போட்ட பணத்துக்கு, ஒரு வங்கிக்கு ஒருவருக்கு 250,000 வெள்ளிவரை மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகத்தின் பாதுகாப்பு உண்டு. ஆனால் விலைவாசி ஏறும் வேகத்தில் சாதாரணச் சேமிப்புக் கணக்கின் வட்டி ஏறுவதில்லை. பத்தாண்டு கழித்து அதே ஒன்பதாயிரம் அதே பொருளை வாங்காது.

முதலில், கடன் இருந்தால் அதை அடைக்க வேண்டும். கடன்பற்று அட்டையில் பாக்கி வைத்தால் ஆண்டுக்கு 18 விழுக்காடுவரை வட்டி போகும். அதை அடைப்பதைவிட நிச்சயமான இலாபம் எந்த முதலீட்டிலும் கிடையாது. கடன் கழுத்தை நெரிக்கிற நிலை என்றால் ஆலோங்கிடம் போகாமல், கடன் நிர்வாக ஆலோசனை அமைப்பான ஏகேபிகேவிடம் போகலாம். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை.

அடுத்தது, மூன்று மாதச் செலவு. நம் இளைஞர் அம்மாவுக்குக் கொடுப்பதையும் சேர்த்து மாதம் 1,500 வெள்ளி செலவழிக்கிறார் என்றால் 4,500 வெள்ளி. அது முதலீடு அல்ல. தொழிற்சாலை ஓவர்டைமை நிறுத்தினாலோ, டிரையல்ஸ் பழகும்போது கை முறிந்து ஒரு மாதம் வீட்டில் இருக்க நேர்ந்தாலோ தொடுவதற்கு. மருத்துவக் காப்புறுதி அட்டை இருப்பவர்கள், மோட்டார் பந்தய விளையாட்டில் ஏற்படும் காயத்துக்கு அது பொருந்துமா என்று எழுத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது. பல ஒப்பந்தங்களில் விலக்குப் பட்டியல் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும்.

ஆக மிச்சம் 4,500. அதை அப்படியே ஓரிடத்தில் கொட்டுவதைவிட, ஒரு பகுதியை வைத்துத் தொடங்கி மாதா மாதம் சேர்ப்பதே சம்பளக்காரருக்குப் பழக எளிது. 2009-ல் அமானா சஹாம் 1மலேசியா என்ற பெயரில் தொடங்கி, இன்று ஏஎஸ்எம் 3 என்று வழங்கும் நிதியில் ஒரு யூனிட் என்றும் ஒரு வெள்ளிதான். பத்து வெள்ளியில் தொடங்கலாம். இந்தியர்களுக்கும் பங்கு ஒதுக்கப்பட்ட நிதி அது. ஒதுக்கீடு நிரம்பி இருக்கும் சமயங்களில் யூனிட் கிடைக்காது; முகப்பிடத்தில் ஒருமுறை கேட்டுவிட்டு, இல்லை என்றதும் விட்டுவிடாமல் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். சேமநிதியில் சொந்த விருப்பத்தில் கூடுதல் பணம் போடவும் வழி உண்டு. ஆனால் 2024 மே மாதத்தில் இருந்து வரும் பணம் மூன்று கணக்காகப் பிரிகிறது: ஓய்வுக்கால கணக்குக்கு 75 விழுக்காடு, செஜாத்ரா கணக்குக்கு 15, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய பிளெக்சிபெல் கணக்குக்கு 10. போடும் பணத்தில் பெரும்பகுதியை ஓய்வு பெறும்வரை தொட முடியாது என்பது தெரிந்தே போட வேண்டும்.

பங்குச் சந்தையைத் தொட ஆசைப்பட்டால், தரகுக் கட்டணத்தைக் கணக்கில் வையுங்கள். 200 வெள்ளிக்குப் பங்கு வாங்க 8 வெள்ளி கட்டணம் என்றால், வாங்கிய நிமிடத்திலேயே நான்கு விழுக்காடு போய்விட்டது. விற்கும்போது இன்னொரு முறை. சிறு தொகையை வைத்துக்கொண்டு அடிக்கடி வாங்கி விற்பவர்கள் தரகருக்குத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள். மாதம் 200 வெள்ளி, ஆண்டுக்கு 5 விழுக்காடு கிடைப்பதாக வைத்துக்கொண்டால், பத்தாண்டில் போட்டது 24,000. கையில் இருப்பது சுமார் 31,000. மாதம் பத்து விழுக்காட்டின் கோடிகளோடு ஒப்பிட்டால் அற்பம்தான். ஆனால் இது வங்கிக் கணக்கில் வரும் பணம்.

வண்டி? அதற்கும் இடம் உண்டு. வேண்டாம் என்று சொல்வது எளிது. இருபத்தாறு வயதில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு முடித்து வருகிறவருக்கு ஒரு விளையாட்டும் கூடாது என்றால், அந்தப் பணம் வேறு வழியில், வேறு பெயரில் போகத்தான் போகிறது. ஓவர்டைமில் வருவதில் பாதியை வண்டிக்கென்று தனிக் கணக்கில் போடட்டும். சேரும்வரை சைக்கிள். எட்டு வடிவம் சுற்றத் தெரிந்த இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்தால் ஒரு பழைய வண்டியைப் பொதுவாக வாங்கலாம். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் நின்று கால் ஊன்றுவதை எண்ணலாம். யார் எவ்வளவு போட்டார், பழுதுக்கு யார் கொடுப்பது, விலகுகிறவருக்குப் பணம் எப்படித் திரும்பும் என்பதை மட்டும் முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

மாதம் பத்து விழுக்காடு என்று சொன்ன அந்த நண்பரையும் கூப்பிடலாம். அவர் போட்ட ஐயாயிரம் திரும்பி வருமா என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன், குறைந்த அழுத்த மானியோடு டயரின் பக்கத்தில் குந்தியிருக்கும்போது, அவரே அதைப் பற்றிப் பேச்சை எடுப்பார்.